தொண்டை கட்டின பாட்டுக்காரன்

பரிஸ்
26.05.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். போனில் கதைக்கலாம்தான். ஆனால் நீங்கள் "அங்கை என்ன பாட்டடா கேக்கிறாய்?" என்று கேட்டு வாய் மூடுமுன்னம் அம்மா போனைப் பறித்துச் "சாப்பிட்டியா?" என்று தொடங்கிவிடுவா. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை பரவாயில்லை. கோப்பை கழுவினது போதுமென்று இப்போது மரக்கறி வெட்டவும் சலாட் போடவும் விட்டிருக்கிறார்கள். எங்கள் குசினியில் வெள்ளைக்காரன் முதலாளி மட்டுந்தான். மற்றவர்கள் மாலி, பங்களாதேஷ், நான். ரேடியோ நாள் முழுக்கப் பாடும். இந்தக் கிழமை எந்த நேரம் திருப்பினாலும் ஒரே ஆள்: ஷார்ல் அஸ்னவூர் என்ற பிரெஞ்சுப் பாட்டுக்காரர். 22ஆம் திகதி அவர் பிறந்து 100 வருஷம்.

அப்பா, அவருடைய குரலைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பனியில் நனைந்த மத்தளம் மாதிரி ஒரு கரகரப்பு. குரல் நாண் ஒன்று சரியாக வேலை செய்யாதாம். ஆளும் கட்டை, ஏறக்குறைய 1.60 மீற்றர். தொடக்கத்தில் பத்திரிகைக்காரர்கள் இந்த உடம்பையும் இந்தக் குரலையும் வைத்துக்கொண்டு மேடை ஏறுவது பைத்தியக்காரத்தனம் என்று எழுதினார்களாம். அதை வாசித்தபோது எனக்கு நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். 15 வயதில் உங்கள் கூத்தில் என்னிடமிருந்து இளவரசன் வேஷத்தைப் பறித்து, "உன்ர தொண்டையில தகரம் உரசுது" என்று திரை இழுக்க விட்டீர்களே! கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

எனக்கு இவரைப் பற்றிச் சொல்லித் தந்தவர் எங்கள் தெருவில் சப்பாத்துத் தைக்கிற ஆர்மேனியக் கிழவர். ஒரு சப்பாத்துக்கு அடி மாற்றப் போனால் ஒரு மணித்தியாலம் கதை. அஸ்னவூர் ஆர்மேனியர். முழுப் பெயர் அஸ்னவூரியான், வாலை வெட்டிவிட்டார். தாய் தகப்பன் துருக்கியில் நடந்த படுகொலைக்குப் பிறகு அலைந்தலைந்து பரிசுக்கு வந்தவர்கள். இங்கே தங்க வந்தவர்களில்லை, அமெரிக்க விசாவுக்குக் காத்திருந்தவர்கள். அந்த இடைவெளியில், 1924இல், பெடியன் பிறந்துவிட்டான். குடும்பம் இங்கேயே நின்றுவிட்டது. கனடா என்று சொல்லிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் என்னை இங்கே விட்டுவிட்டுப் போனபோது நீங்கள் எவ்வளவு கவலைப்பட்டீர்கள்! இந்தக் கதை முன்னமே தெரிந்திருந்தால் அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

தகப்பன் மிஷா நல்ல பாட்டுக்காரர். பரிசில் லத்தீன் குவார்த்தியே என்கிற பகுதியில் 'லெ கோக்காஸ்' என்று ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். காசில்லாமல் வருகிறவனுக்கும் சாப்பாடு போடுவார். 1930களில் நெருக்கடி வந்தது, கடை விழுந்தது. பெடியன் 9 வயதிலேயே நாடக மேடைக்குப் போய்விட்டான். பள்ளிக்கூடப் படிப்பு அவ்வளவுதான். அந்தக் குறை கடைசிவரை மனதில் இருந்திருக்கிறது. தன்னுடைய குறைகள் என்று குரல், உயரத்தோடு படிப்பில்லாததையும் அவரே பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

யுத்த காலத்தில் அவர்கள் இருந்தது ரூ த நவரான் தெருவில். நான் வேலைக்கு நடக்கிற வழி. ஜெர்மன்காரர் பரிசைப் பிடித்து வைத்திருந்தபோது அந்தச் சின்ன வீட்டில் யூதர்களை ஒளித்து வைத்திருந்தார்கள். ஜெர்மன் சீருடை மாட்டப்பட்ட ஆர்மேனியப் பெடியள் தப்பி ஓடி வந்தாலும் அங்கேதான். அந்தச் சீருடைகளை இல்லாமற் செய்வதற்குப் பிள்ளைகளும் உதவியிருக்கிறார்கள். மிசாக் மனுஷியான் என்ற ஆர்மேனியப் போராளியும் வந்துபோன வீடு அது. ஷார்லுக்குச் செஸ் பழக்கியவர் அவர்தானாம். அவரை 21.02.1944இல் சுட்டுக் கொன்றார்கள். சரியாக 80 வருஷம் கழித்து, இந்த பெப்ரவரியில், அவரையும் மனைவியையும் நாட்டின் பெரிய மனிதர்களை வைக்கிற பாந்தெயோனில் கொண்டுபோய் வைத்தார்கள். அன்றைக்குக் கிழவர் கடையைப் பூட்டிவிட்டார்.

யுத்தத்துக்குப் பிறகு பியேர் ரோஷ் என்ற பியானோக்காரருடன் இரட்டையராகப் பாடித் திரிந்தார். எடித் பியாஃப் என்ற பெரிய பாட்டுக்காரியின் கண்ணில் பட்டது அப்போதுதான். அவ சொல்லித்தான் இரண்டு பேரும் கடல் கடந்து மொன்றியல்வரை போனார்கள். ரோஷ் அங்கேயே நின்றுவிட்டார், இவர் திரும்பி வந்தார். ஏறக்குறைய எட்டு வருஷம் பியாஃப்புடன். கார் ஓட்டினார், பெட்டி தூக்கினார், லைற் பிடித்தார், இடையிடையே பாட்டெழுதினார். பெரிய அண்ணாவியாரிடம் எடுபிடியாய் நின்று கூத்துப் பழகின உங்கள் கதைதான், அப்பா. மூக்கை வெட்டித் திருத்தச் சொன்னதும் பியாஃப்தான். திருத்திக்கொண்டு வந்து நின்றபோது, "முன்னம் இருந்தது நல்லாயிருந்தது" என்றாவாம்!

12.12.1960, அல்ஹம்ப்ரா மண்டபம். அவருக்கு 36 வயது. தோற்றுப்போன பாட்டுக்காரன் ஒருவனைப் பற்றி அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்ட பாட்டு. ஊரிலிருந்து பெரும் கனவோடு பரிசுக்கு வந்து, கடைசிவரை ஒன்றும் ஆகாமல், பிழை தன்னில் இல்லை என்று சாதிக்கிறவனின் பாட்டு. இவ் மொந்தான் என்ற பெரிய நட்சத்திரம் அதைப் பாட மாட்டேன் என்று தள்ளிவிட்டார். இவர் பாடி முடித்தபோது மண்டபம் ஊமையாய் இருந்ததாம். சரி, இத்தோடு எல்லாம் முடிந்தது என்று உள்ளே போனவர், கும்பிடு போடத் திரும்பி வந்தால் சனம் எழும்பி நின்று கைதட்டுகிறது. தோற்றவனைப் பற்றிப் பாடித்தான் வென்றார். கூத்தில் தோற்ற ராசாவின் புலம்பலுக்குத்தானே எங்கள் சனமும் அழும்?

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டமாக நடந்தது: 1963இல் நியூயோர்க் கார்னெகி மண்டபம், 1974இல் 'ஷீ' என்ற ஆங்கிலப் பாட்டு பிரித்தானியாவில் நாலு கிழமை முதலிடம், ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள், சினிமா வேறு. வரி விஷயமாக வழக்கும் வந்தது, சுவிசில் போய் இருந்தார். ஆளைப் புனிதராக்க நான் வரவில்லை.

ஆனால் 1965இல் வந்த 'லா பொஹேம்' பாடுகிறபோது ஒரு வேலை செய்வார், அதை நீங்கள் பார்க்க வேண்டும். ஜாக் பிளாந்த் எழுதிய வரிகளுக்கு இவர் மெட்டு. பரிசில் ஓவியர்கள் கூடிய மொன்மார்த் பகுதியில் பட்டினி கிடந்து படம் வரைந்தவனின் பாட்டு. கையில் ஒரு வெள்ளைக் கைலேஞ்சி, அவ்வளவுதான். ஓவியன் கை துடைக்கிறமாதிரி துடைத்து, கடைசியில் நிலத்தில் நழுவ விடுவார். முன்வரிசைச் சனம் அதற்கு அடிபடும். கூத்து உடுப்பும் கிரீடமும் இல்லாமல் ஒரு லேஞ்சியில் முழு வேஷம்!

இனி என் சண்டைக்கு வருகிறேன். 'ஆம்னே முவா' என்று 1967இல் ஒரு பாட்டு. வடக்கே குளிர்த் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன் கப்பல்களைப் பார்த்து, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சுகிறான். வெயிலுள்ள ஊரில் வறுமை இவ்வளவு நோகாது என்று அவனுக்கு ஒரு எண்ணம். முதல் முறை விளங்கினபோது கத்தியை வைத்துவிட்டேன். எங்கள் ஊர் பாசையூரில் வெயிலுக்கு என்ன குறை? வலை வெறுமையாய் வந்த நாளில் வெயில் எங்களுக்குச் சோறு போட்டதா? இதைச் சொன்னால் மாலிக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஆனால் பெப்ரவரியில், விடிய ஆறு மணிக்கு, விரல் விறைத்து வெங்காயம் பிடிக்க முடியாத நேரம் அதே பாட்டை முதலில் தொடங்குகிறவனும் அவன்தான். நாங்களும் சேர்ந்து பாடுகிறோம்.

உண்மையில் நான் அஸ்னவூரை அறிந்ததே அவர் செத்தபோதுதான். 01.10.2018, அவருக்கு 94 வயது. அதற்கு இரண்டு கிழமைகூட இல்லை, ஜப்பானில் ஒசாக்காவில் பாடிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அப்போது இங்கே இருக்கிறதற்கான விசா காட் கிடைக்கவில்லை, கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி ரீவியைப் போட்டுவிட்டு எல்லாரையும் வந்து பார்க்கச் சொன்னார். பரிசில் லெஸ் ஆன்வலீத் என்கிற பழைய படைவீரர் மாளிகையில் அரச மரியாதை. ஜனாதிபதி நிற்கிறார், ஆர்மேனியக் குழல் ஊதுகிறார்கள், பிறகு அந்த வெயில் பாட்டோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விசா வராமல் நின்றுபோனவர்களின் பிள்ளை. 1988இல் ஆர்மேனியாவில் பூமி அதிர்ந்தபோது எண்பதுக்கு மேற்பட்ட பாட்டுக்காரர்களைச் சேர்த்து ஒரு பாட்டுப் போட்டு உதவினவர். 2009இல் அந்த நாட்டின் தூதராகச் சுவிசிலும் இருந்தார். நூறு வீதம் பிரெஞ்சு, நூறு வீதம் ஆர்மேனியன் என்று சொல்லுவாராம். கிழவரிடம் இந்தக் கணக்கு எப்படிச் சரிவரும் என்று கேட்டேன். சப்பாத்தைத் திருப்பிக் காட்டி, "மேல் தோல் ஓரிடம், அடித்தோல் வேறிடம், நடக்கேலாமலா போச்சு?" என்றார்.

அம்மாவின் கண் மருந்துக்குக் காசு போட்டிருக்கிறேன். பெருநாளுக்கு இந்த முறை என்ன கூத்து, மத்தளம் யார் என்று எழுதுங்கள். தங்கச்சியின் போனுக்கு 'லா பொஹேம்' அனுப்பியிருக்கிறேன். 'லா மம்மா' என்று இன்னொன்றும் அனுப்பினேன், சாகக் கிடக்கிற தாயைச் சுற்றிப் பிள்ளைகள் கூடுகிற பாட்டு. அதை அம்மாவுக்கு முன்னால் போட வேண்டாம்.

லேஞ்சி விழுகிற இடத்தை இரண்டு தரம் பாருங்கள். பார்த்துவிட்டு நேர்மையாகச் சொல்லுங்கள்: இந்தக் குரலுக்கு ராசா வேஷம் குடுப்பியளோ, இல்லாட்டி என்னோட திரை இழுக்கத்தான் விடுவியளோ?

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்