முப்பாட்டனாரின் சவரக்கத்திக்கு வயது சொன்னவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் முப்பாட்டனார் தொழில் செய்த சவரக்கத்தி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் செய்யப்பட்டது, விக்டோரியா அரசி காலத்தது, பெரும்பாலும் 1850க்கும் 1890க்கும் இடைப்பட்டது என்று இன்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். அப்படிச் சொல்லும் தைரியத்தைக் கொடுத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி சலூன் மாமாவுக்கு. "துருவைச் சுரண்டாதே, சாணை பிடிக்கிறவர் கையில கொடுத்துடாதே" என்று கண்டித்துச் சொன்னீர்கள். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு சூடேறினால் இரும்பின் கடினம் போய்விடும். சுரண்டினால் முத்திரை போய்விடும். தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டு நீங்கள் பொறுமையாகத் துடைக்கத் துடைக்கத்தான் எழுத்துகள் மேலே வந்தன: ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், அரசியாருக்குக் கத்தி செய்பவர்கள், 6 நார்ஃபோக் தெரு, ஷெஃபீல்டு. கூடவே ஒரு கிரீடம், அதன் இரு பக்கமும் விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி, ஆர் என்ற எழுத்துகள்.

ஷெஃபீல்டில் வேலை பார்க்கும் தம்பிக்கு அந்தப் படங்களை அனுப்பினேன். பெயரைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள், அந்தக் கம்பெனியின் பெயரைப் போலி செய்தவர்கள் ஏராளம் என்று முதலில் எச்சரித்தீர்கள். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருக்கிறதா என்று தேடச் சொன்னீர்கள். இருந்தது. 1624இல் தொடங்கிய ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் சங்கம் 1764இல் ராட்ஜர்ஸ் குடும்பத்துக்குக் கொடுத்த அடையாளம் அது. விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. ஆக, அந்த இரண்டு எழுத்துகளே காலத்துக்கு இரண்டு கரை கட்டிவிட்டன.

'இங்கிலாந்து' என்ற சொல் கத்தியில் இல்லை. செய்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்ட பிறகுதான் பலர் அதைச் சேர்த்தார்கள். ஆனால் அது அமெரிக்காவுக்குப் போன சரக்குக்கான சட்டம், இந்தியாவுக்கு வந்த கத்திக்கு அதை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது என்று தம்பி நிறுத்திச் சொன்னதை மறக்க மாட்டேன். நமக்குச் சாதகமான சான்றையே அப்படிச் சந்தேகிக்க நல்ல மனம் வேண்டும்.

கோவை பட்டறை அக்காதான் அலகின் வடிவத்தைப் படித்தார். இரு பக்கமும் ஆழமாகக் குடைந்து, விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் மெல்லிய அலகுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவின. நம்முடையது கனமானது, ஆப்பு வடிவத்துக்கு நெருக்கமானது. பிடி கொம்பா, செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக்கா என்று பார்க்கச் சூடான ஊசியை வைத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னபோது பதறித் தடுத்தவரும் அக்காதான். செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கும், கொம்பாக இருந்தால் வடு நிற்கும். டார்ச் வெளிச்சத்தில் பிடித்ததும் பழுப்பு ரேகைகள் ஓடின. கொம்பேதான்.

வரலாற்று ஆசிரியர் ஐயா சொன்னது என்னைத் தூங்க விடவில்லை. தென்னிந்தியாவில் உருக்கிய ஊட்ஸ் எஃகைக் கொண்டுபோய், அதன் சூட்சுமம் என்ன என்று லண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடர்டும் மைக்கேல் ஃபாரடேயும் 1820 வாக்கில் ஆராய்ந்தார்கள். தாம் செய்த கலப்பு எஃகில் சவரக்கத்திகள் அடிக்கச் செய்து ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார். நம் கத்தி அந்த எஃகு அல்ல என்பதையும் ஐயா அழுத்திச் சொன்னார்.

மறுபடியும் மாமாவிடம் வருகிறேன். எல்லோரும் கம்பெனியைப் பற்றிப் பேசியபோது நீங்கள் மட்டும் அலகின் முதுகைத் தடவிப் பார்த்தீர்கள். "ரெண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ஞ்சிருக்கு பாரு. அடியிலேருந்து நுனி வரைக்கும் ஒரே சீரு. கை ஆடாம கல்லுல தீட்டியிருக்காரு உங்க முப்பாட்டன்." தலைமுறை தலைமுறையாக இதே தொழில் செய்த குடும்பம் எங்களுடையது. முப்பாட்டனாரின் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அவர் எப்படி வேலை செய்தார் என்று முதன்முதலாக ஒருவர் சொல்லக் கேட்டது அன்றுதான். அதற்கு எப்படி நன்றி சொல்வது, மாமா?

இந்த விவரங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கத்தியோடு வைக்கிறேன். யார் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று உங்கள் பெயர்களும் அதில் இருக்கும். ஆளுக்கொரு நகல் அனுப்புகிறேன். ஏதாவது பிசகாக எழுதியிருந்தால் தயங்காமல் திருத்தி அனுப்புங்கள். தம்பி, அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

நன்றியுடன்,
கும்பகோணத்திலிருந்து உங்கள் அன்பன்