கொட்டிய எண்ணெயை முதலில் பார்ப்பவர் வேலையை நிறுத்தட்டும்

சிங்கப்பூரில் வாகனப் பட்டறைகளையும் லாரி நிறுத்துமிடங்களையும் நடத்தும் முதலாளிகளுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

சின் மிங், காக்கி புக்கிட் போன்ற இடங்களில் பட்டறைத் தரையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். தரையில் எண்ணெயோ, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்டோ கொட்டிக் கிடப்பதை முதலில் பார்க்கிற தொழிலாளி, யாரிடமும் கேட்காமல் அந்த இடத்தில் வேலையை நிறுத்தலாம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் கூட்டத்தில், அவரவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்.

இப்போது எண்ணெய் சிந்தினால் காதில் விழும் முதல் வார்த்தை “யார் கொட்டினது?” என்பதுதான். அந்த அதட்டலுக்குப் பயந்தே, புதிதாக வந்த தம்பிகள் கையில் கிடைத்த அட்டைப்பெட்டியைக் கிழித்து மேலே போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பட்டறையில் அப்படிப் போட்ட அட்டையை மிதித்து, கையில் சாமானோடு வந்த ஒருவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெயைக் கொட்டியவர் அவரில்லை. கட்டுப் பிரிக்கும்வரை அவருக்கு ஓவர்டைம் இல்லை. ஊருக்குப் போகும் பணமும் குறைந்துபோனது. அதட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

“சீக்கிரம் துடைத்துவிட்டு வா” என்று சொல்வதும் ஆபத்துதான். என்ன கொட்டியிருக்கிறது என்று தெரியாமல் எதையும் துடைக்கக்கூடாது. எஞ்சின் எண்ணெய் என்றால் கையுறை போட்டு, கசிவை அடைத்து, வயலுக்கு வரப்பு போடுவதுபோல உறிஞ்சும் தூளை முதலில் சுற்றிலும் போட்டு, பிறகு உள்ளே தூவிக்கொண்டு வரலாம். பெட்ரோல் என்றால் கதையே வேறு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. வண்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கித் தங்கிவிடும். அந்த நேரத்தில் மின்விசிறி, விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. பக்கத்து வண்டியை நகர்த்துகிறேன் என்று யாரும் சாவியைத் திருகக்கூடாது. நிறையக் கொட்டியிருந்தால் எல்லாரும் வெளியேறி 995க்கு அழைக்க வேண்டும். வாளியும் துணியும் அங்கே உதவாது.

பேட்டரி அமிலத்தின் மேல் மரத்தூளைப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அது கந்தக அமிலம். கண்ணுக்கும் கைக்கும் காப்பு போட்டுக்கொண்டு, சோடா உப்பை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நுரைப்பது அடங்கியபின் அள்ள வேண்டும். கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, அதிக அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் குழாய்தான். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். கையால் தடவிப் பார்த்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், பெரிதாக வலிக்கவும் வலிக்காது. ஆனால் சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கலாம். விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை இறக்கியபிறகுதான் குழாயைத் தொட வேண்டும். இது தெரியாமல் “பிளாஸ்டர் ஒட்டிக்கொள், போ” என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து தண்ணீர்க் குழாய். கடை மூடும் நேரத்தில் தரையை அடித்துக் கழுவி வாசல் லோங்காங்கில் (மழைநீர் வடிகாலில்) தள்ளிவிடுவது பல இடங்களில் பழகிப்போய்விட்டது. நம் ஊரில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை, வடிகால்கள் வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. பீஷான் பக்கம் ஓடும் காலாங் ஆறு மரினா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் அது. 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதி ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கடலில் கலந்தபோது ஊரே பதறியது. கடற்கரையைச் சுத்தம் செய்யத் தொண்டூழியர்கள் திரண்டு வந்தார்கள். பட்டறை வாசலில் போகும் ஒரு வாளி எண்ணெய்க்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. எண்ணெய் ஊறிய தூளையும் துணியையும் மூடியுள்ள தொட்டியில் போட்டு, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்றவர்களிடமே கொடுங்கள்.

நேரமும் காசும் ஆகும் என்பீர்கள். ஆகத்தான் செய்யும். ஆனால் தூள், கையுறை, வடிகால் மூடி, எச்சரிக்கைப் பலகை எல்லாம் சேர்த்தாலும் ஒரு கை முறிவுக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட வராது. வேலையில் விழுந்த ஒருவர் ஒரே ஒரு நாள் மருத்துவ விடுப்பு எடுத்தாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2020 செப்டம்பர் முதல் விதி. “எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வேண்டாம், ரூமில் படுத்துக்கொள்” என்று சொல்வது சட்டப்படியும் தவறு, மனசாட்சிப்படியும் தவறு.

தூள், கையுறை போன்ற சாமான்களை அலுவலக அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். எண்ணெய் கொட்டும் இடத்துக்கு அருகிலேயே, எல்லார் கைக்கும் எட்டும்படி வையுங்கள். வேலையை நிறுத்திய தொழிலாளியை அன்று மாலை தனியாகக் கூப்பிட்டுத் திட்டும் மேற்பார்வையாளர் இருந்தால், முதலில் அவரிடம் பேசுங்கள். வாடிக்கையாளர் வண்டிக்காகக் காத்திருந்தால் நீங்களே போய் அரை மணி நேரம் தாமதமாகும் என்று சொல்லுங்கள். அந்தப் பொறுப்பைத் தரையில் நிற்கும் தம்பியின் தலையில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளர்களோடு வேலை செய்யும் ஒரு மேற்பார்வையாளர்