ஜெர்கின் பையில் நீ விட்டுப்போன மெஷின்

ஹட்டன்,
ஞாயிறு காலை.

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். மழைதான் விட்ட பாடில்லை. போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அக்கா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு முழுவதையும் வாசி.

நீ திரும்ப பிரித்தானியாவுக்குப் புறப்பட்டுப் போன மூன்றாம் நாள் அம்மா அலுமாரியைத் திறந்தாள். உள்ளிருந்து மாம்பழ வாசம். இந்த மாதத்தில் ஏது மாம்பழம்? நீ குளிருக்குப் போட்டுத் திரிந்த கறுப்பு ஜெர்கினை அவள் தன் சேலைகளுக்கு மேலே மடித்து வைத்திருந்தாள். அதன் பை நனைந்து, எண்ணெய் போல ஏதோ ஒன்று இரண்டு சேலையில் இறங்கியிருந்தது. கையை விட்டதும் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளமாக ஒரு சாமான் வந்தது. அது பென் டிரைவாம், உன் ஒபிஸ் சாமானாம், தொடக்கூடாதாம். துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள். மூக்கருகே வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது, அது வேப், இலத்திரனியல் சிகரெட். முப்பத்தோரு வருடம் தேயிலை பெக்டரியில் மெஷின் பழுதுபார்க்கிற பிட்டராக இருந்தவனின் மூக்கை ஏமாற்ற முடியாது.

திட்டுவதற்காக எழுதவில்லை. உனக்கு முப்பது வயதாகிறது. அடிக்கிற காலத்திலேயே நான் உன்னை அடித்ததில்லை. ஒரு மெஷின் கைக்கு வந்தால் அதைத் திறந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, அது உனக்குத் தெரியும். பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

செய்தவன் கெட்டிக்காரன். மேலே திரவம் நிற்கும் சின்னக் குப்பி, அதைப் பொட் என்கிறார்களாம். கீழே பெட்டரி. இரண்டையும் காந்தம் பிடித்துக்கொள்கிறது. பொட்டுக்குள் வலை மாதிரி ஒரு சின்னச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு திரவத்தைக் குடிக்கிறது, சுருள் சூடாகிறது, நீ இழுப்பது ஆவி. பொத்தானும் கிடையாது, வாயால் இழுத்தால் உள்ளே ஒரு சென்சர் காற்றை உணர்ந்து கரண்டை விடுகிறது. மீட்டரை வைத்துச் சுருளின் தடையைப் பார்த்தேன், 1.0 ஓம் காட்டியது. மீட்டர் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2. கழித்தால் 0.8. பெட்டரி 3.7 வோல்ட். கணக்குப் போட்டால் 17 வொட் வருகிறது. நான் ஈயம் பற்றவைக்கிற கோலே 25 வொட்தான். அத்தனை சூட்டை உதட்டிலிருந்து ஓர் அங்குலத்தில் வைத்திருக்கிறாய்.

சூட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பெக்டரியில் தேயிலை உலர்த்துகிற ட்ரையருக்குள் போகிற காற்று 95 பாகை செல்சியஸுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மேலே ஏறினால் தூள் கருகும். அந்த வாசம் கொழும்பில் ருசி பார்க்கிறவர் வாயில் ஒரு மடக்குப் போனதும் பிடிபடும், அந்தத் தொகையின் விலை விழும். உன் மெஷினிலும் அதே கதைதான். திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைகோல் 188 பாகையில் கொதிக்கும், கிளிசரின் 290இல். பஞ்சு நனைந்திருக்கும்வரை சூட்டைத் திரவம் வாங்கிக்கொள்ளும். பஞ்சு காய்ந்துவிட்டால் வாங்குவதற்கு ஆள் இல்லை. பஞ்சு கருகும், திரவமும் உடைந்து போர்மல்டிஹைட், அக்ரோலீன் என்ற கெட்ட சாமான்களாக மாறும். தொண்டையைக் கிழிக்கிற மாதிரி ஓர் இழுப்பு உனக்கும் வந்திருக்கும். அது வந்தால் அந்தப் பொட்டைத் தூக்கிப் போட வேண்டும், இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம் என்று இருக்கக்கூடாது. புதுப் பொட்டை நிரப்பினால் பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு இழு. பஞ்சு ஊற வேண்டும். இனிப்புக் கூடின திரவம் சுருளில் சீனிப்பாகு மாதிரிப் பிடித்துக் கருகும். உன்னுடையது அப்படித்தான் கறுத்துப்போய் இருந்தது.

இதைச் செய்தவனோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பொட்டைக் கறுப்பு பிளாஸ்டிக்கில் செய்து வைத்திருக்கிறான். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி இல்லாத பொயிலரை எந்தப் பெக்டரியிலாவது ஓட விடுவார்களா? அடுத்த தடவை வாங்குவதாக இருந்தால் கண்ணாடி மாதிரித் தெளிவான பொட்டாகப் பார்த்து வாங்கு. "அடுத்த தடவை" என்று அப்பாவே எழுதுகிறாரே என்று சிரிக்காதே, அதற்கும் வருகிறேன்.

ஒழுகியது உன் தவறும் இல்லை, அம்மா மடித்து வைத்த தவறும் இல்லை. கொழும்பிலிருந்து வரும் சிப்ஸ் பைக்கட்டுகள் நுவரெலியாக் கடைகளில் உப்பிக்கொண்டு தொங்குவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அதேதான். நீ வந்த அன்றே, கட்டுநாயக்காவில் கடல் மட்டத்தில் இருந்த காற்று நாலாயிரம் அடிக்கு மேலே வந்ததும் விரிந்திருக்கும். பொட்டில் பாதி திரவம், பாதி காற்று. விரிந்த காற்று திரவத்தைச் சுருள் வழியாக வெளியே தள்ளியது, பையில் ஊறி நின்றது பிறகு சேலைக்கு இறங்கியது. விமானத்திலும் இதுதான் நடக்கும். பயணம் போகும்போது பொட்டை முழுக்க நிரப்பு, அல்லது முழுக்கக் காலியாக்கு, நிமிர்த்தியே வை. பெட்டரி இருப்பதால் விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் போடவே கூடாது, கைப்பைக்குள்தான் இருக்க வேண்டும் என்பது உனக்கே தெரிந்திருக்கும்.

இனி மெஷினை விட்டுவிட்டு உன்னைப் பற்றி.

பெட்டரியில் 800 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்திருக்கிறது. 17 வொட்டில் விடாமல் எரித்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஓர் இழுப்புக்கு மூன்று விநாடி என்றால் ஒரு சார்ஜில் இருநூறு இழுப்பு. நீ இங்கிருந்த பத்து நாளும் ரேடியோவுக்குப் பின்னால் காலையில் ஒரு வயர், மாலையில் ஒரு வயர் மாட்டியிருந்தது. போன் என்றுதான் நினைத்தேன். போன் உன் கையில் இருந்தது என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஒரு சிகரெட்டைப் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் முடிப்பார்கள். நீயே பிரித்துப் பார். அந்த இழுப்பும் இந்த இழுப்பும் ஒன்றல்ல என்று நீ சொல்வாய், அதுவும் சரிதான். ஆனாலும் நாளைக்கு நானூறு என்பது எனக்குப் பெரிய எண்ணிக்கை.

நான் பீடி குடித்தது உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னால் விட்டது. பெக்டரிக்குள் புகைக்க விடமாட்டார்கள். தேயிலை பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதனால் இரவு வேலையில் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய், மழையில் நின்று குடிப்போம். பீடியில் ஒரு நல்ல குணம் உண்டு, கவனிக்காமல் விட்டால் தானாக அணைந்துவிடும். திரும்பப் பற்றவைக்கச் சோம்பலாக இருந்தால் வேலைக்குப் போய்விடுவோம். சிகரெட்டும் ஓர் இடத்தில் முடியும், அடிக்கட்டை கையில் நிற்கும், சாயங்காலம் எண்ணிப் பார்க்கலாம். உன் மெஷினுக்கு அணைவதும் இல்லை, அடிக்கட்டையும் இல்லை. வாசமும் மாம்பழம். எழும்பினதிலிருந்து படுக்கும்வரை ஒரே சிகரெட் மாதிரி அது ஓடிக்கொண்டே இருக்கும். இதுதான் எனக்குப் பயம். சுருளுக்கும் பஞ்சுக்கும் நான் பயப்படவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அப்பா ஒருபக்கம் பேசுகிறார் என்பாய். சிகரெட் நுனி 900 பாகைவரை போகும். அங்கே இலை எரிகிறது. தாரும் காபன் மொனொக்சைட்டும் அதிலிருந்துதான். இதில் எதுவும் எரிவதில்லை, ஆகவே அவை இரண்டும் அந்த அளவுக்கு வராது. சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்கு நிக்கோட்டின் ஒட்டுத்துண்டு, சூயிங்கம் எல்லாவற்றையும் விட இது கூட உதவுகிறது என்று ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உங்கள் ஊர் வைத்தியத் துறையும் சிகரெட் குடிக்கிறவர் இதற்கு மாறலாம், குடிக்காதவர் தொடவே வேண்டாம் என்றுதான் சொல்கிறது. 2003இல் இதற்கு இன்றைய உருவம் கொடுத்த சீனாக்காரர் ஹொன் லிக் ஒரு மருந்தாளர். அவரே சிகரெட்டுக்கு அடிமை, அப்பா நுரையீரல் புற்றுநோயில் போனவர். ஆக, இந்தச் சாமான் பிறந்ததே சிகரெட்டிலிருந்து இறங்குவதற்குத்தான். அதற்காக நீ இதை வாங்கினாய் என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன். நாற்பது வருடம் இழுத்தால் நுரையீரல் எப்படி இருக்கும் என்று சொல்ல இந்த மெஷினுக்கு இன்னும் அவ்வளவு வயதாகவில்லை, அது ஒன்றுதான் மிச்சம்.

ஆனால் ஜெர்கினின் மற்றப் பையில் சிகரெட் பெட்டி இருந்தது. இருபதில் ஏழு குறைந்திருந்தது. லைட்டரும் பக்கத்திலேயே.

மகன், இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் கணக்கு நேராகாது. படி இறங்க ஏணி வைத்துவிட்டு, ஏணியிலும் ஒரு கால் கூரையிலும் ஒரு கால் வைத்துக்கொண்டு நிற்கிறாய். வெளியில் நண்பர்களோடு சிகரெட், வீட்டுக்குள் மாம்பழம் என்று பிரித்து வைத்திருக்கிறாயா? அப்படியென்றால் எதையும் விடவில்லை, புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறாய்.

என் அம்மாவை, உன் அப்பாயியை, உனக்கு ஞாபகம் இருக்காது. கொழுந்துக் கூடையோடு மடியில் ஒரு சுருக்குப்பை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, யாழ்ப்பாணப் புகையிலை. மலை ஏறும்போது பசி தெரியாது, குளிர் தெரியாது என்பாள். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் தடவுவதும் அதே புகையிலைத் தண்ணீர்தான். அட்டையைக் கொல்வது மனிதனை என்ன செய்யும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கன்னத்துக்குள் வந்த புண்ணை ஒரு வருடம் மறைத்தாள். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். உன் பொட்டில் புகையிலை இல்லை, நிக்கோட்டின் மட்டும்தான், அந்தப் புண் வேறு கதை என்று தெரியும். அவளும் முதலில் பசி மறக்கத்தான் போட்டாள். அதற்காகச் சொன்னேன்.

ஜெர்கினுக்குள் இன்னொரு சாமானும் இருந்தது, அதுதான் என்னை உண்மையில் கோபப்படுத்தியது. பத்து மில்லி போத்தல், பாதி மிச்சம். ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின். நிறைந்த போத்தலில் 200. அக்காவின் பாப்பாவுக்கு இரண்டு வயது, கண்டதெல்லாம் வாய்க்குள் போகும், வாசமும் மாம்பழம். ஒரு காலத்தில் தோட்டங்களில் பூச்சிக்கு அடிக்கிற மருந்தாகவே நிக்கோட்டினை விற்றார்கள். மருந்து அடிக்கிறவன் கை கழுவாமல் சோறு தின்னமாட்டான். நீயும் நிரப்பிவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. தோலாலும் இறங்கும். போத்தலை எந்த வீட்டிலும் பூட்டின இடத்தில் வை. அங்கே ஒரு தடவை பாவித்துவிட்டு வீசுகிற வேப்புகளை 2025 ஜூன் முதலாம் திகதி தடை செய்தார்களாம், நிரப்பிப் பாவிப்பது குப்பைக்கு நல்லதுதான். ஆனால் நிரப்புவது என்றால் வீட்டுக்குள் எப்போதும் ஒரு போத்தல் இருக்கும், அதை யாரும் யோசிப்பதில்லை.

இங்கே 2016இல் புகையிலை சேர்ந்த இலத்திரனியல் சிகரெட்டுகளுக்குத் தடை கொண்டுவந்தார்கள். சுங்கத்தில் உன் கைப்பையைத் திறந்திருந்தால் இதில் புகையிலை இல்லை என்று வாசலில் நின்று யார் யாரிடம் விளக்கம் சொல்வது? அடுத்த தடவை இதை ஊருக்குக் கொண்டுவராதே.

இப்போது கேட்கிறேன், பதிலை எழுதி அனுப்பு. மாதத்துக்கு எத்தனை போத்தல்? அடிக்கட்டை இல்லாத சாமானுக்குப் போத்தல்தான் கணக்கு, கலண்டரில் குறித்து வை. முதலில் சிகரெட்டை முழுக்க விடு, மெஷினைப் பிறகு பார்க்கலாம். சிகரெட் நின்று இரண்டு மூன்று மாதம் ஆனபின் 20ஐ 10க்கு இறக்கு. இறக்கினால் கூட இழுக்கத் தோன்றும், போத்தல் கணக்கு ஏறினால் அவசரப்பட்டுவிட்டாய் என்று அர்த்தம், கொஞ்சம் நின்று இறங்கு. ட்ரையரைக் கூட நாங்கள் ஒரேயடியாகக் குளிரவிடுவதில்லை.

நீ இந்நேரம் அங்கே வேறொன்று வாங்கியிருப்பாய். இருந்தாலும் இதைத் துடைத்து, பொட்டைக் கழற்றி, பெட்டரியைப் பாதிச் சார்ஜில் விட்டு, பிஸ்கட் டின்னுக்குள் போட்டு என் டூல்ஸ் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். பெட்டரியைக் குப்பையோடு எரித்தால் வெடிக்கும் என்று அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். போத்தலையும் அதோடு வைத்திருக்கிறேன். சிகரெட் பெட்டியை அடுப்பில் போட்டாயிற்று. அம்மா சேலைகளைச் சுடுதண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டாள், கறை போய்விட்டது, வாசம்தான் போகவில்லையாம். அதற்கு என்ன போடுவது என்று உன்னைக் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா