மச்சானுக்கு, அந்த 20,000 வெள்ளி விஷயமாக

மச்சான்,

மாமாக் சாப்பாட்டுக் கடையில் நீ காட்டிய, உன் நண்பரின் சவப்பெட்டிக் கம்பெனி கேட்டலாக் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கால்பந்துக் குழு நிறத்தில் சவப்பெட்டி, லாரி வடிவத்தில் ஒன்று, அஸ்தியைக் கண்ணாடிக்குள் வைத்த சாவிக்கொத்து. நானும்தான் சிரித்தேன். ஆனால் ஈபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பில் 20,000 வெள்ளி எடுத்து அந்தக் கம்பெனியில் பங்கு வாங்கப்போகிறேன் என்றாயே, அதற்கப்புறம் தே தாரிக் தொண்டையில் இறங்கவில்லை. உன் நண்பர் பக்கத்தில் இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

கானாவில் மீன், விமானம் என்று பெட்டி செய்து பிழைக்கிறார்களே என்றாய். உண்மைதான், அக்ரா பக்கத்து டெஷியில் 1950களிலிருந்தே செய்கிறார்கள். ஆனால் அங்கே பிணம் சவக்கிடங்கில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆசாரிக்கு இழைக்க நேரம் இருக்கும். நம் ஊர் சுங்கை சிப்புட்டில் காலையில் உயிர் போனால் மறுநாள் மதியத்துக்குள் தூக்கிவிடுகிறோம். தோட்டத்து மரண சகாய நிதிக்கு ஒன்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். அந்த ராத்திரியில் கேட்பதெல்லாம் கூடாரம், நாற்காலி, பெட்டி, வண்டி, தப்பு மேளம், அவ்வளவுதான். என்ன நிறத்தில் பெட்டி வேண்டும் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. இருப்பதில் விலை குறைந்தது போதும் என்பார்கள், அதையும் மூத்த மகன் சொல்லமாட்டான், யாராவது ஒரு சித்தப்பா வாசலுக்கு வந்து காதோரமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

அப்புறம் அந்தச் சாவிக்கொத்து. மாமாவின் அஸ்தியை லுமுட்டில் கரைத்தோமே, கலயத்தின் அடியில் ஒட்டியிருந்ததைக்கூட மூன்று முறை கடல் தண்ணீர் விட்டு அலசி, கலயத்தையும் அலையில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேறினாய். ஒரு சிட்டிகை வீட்டுக்குக் கொண்டுவா என்று யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா? அத்தையிடம் இந்தச் சாமானைக் காட்டிப் பார், தைரியம் இருந்தால்.

இன்னொன்று. உன் நண்பருடையது போன்ற செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனியில் 50 பங்குதாரர்களுக்கு மேல் இருக்கக்கூடாது, பொதுமக்களிடம் பங்கு விற்கவும் கூடாது, 2016 கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறது. உன் நண்பரின் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணினாயா? நான் எண்ணினேன். 212.

கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் கொஞ்சம் காசு கட்டினால் அந்தக் கம்பெனியின் விவரங்களை வாங்கலாம். வாங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் அதே கடைக்கு வா, உட்கார்ந்து பார்ப்போம். நண்பரை மட்டும் கூட்டி வராதே.