கரையில் உதவிய அந்த அண்ணனுக்கு

நான் எடுத்த படங்களில் கொக்கு மீனைக் கொத்தும் நொடி மட்டும் கலங்கலாகவே விழுந்துகொண்டிருந்தது. கேட்காமலே அந்தச் சேற்றில் வந்து உட்கார்ந்தீர்கள், அண்ணா. கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/2500 நொடிக்கு ஏற்றி, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஆட்டோவில் விட்டு, வெள்ளை இறகு வெளுத்துப் போகாமலிருக்க எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தீர்கள். லென்ஸில் மாட்டியிருந்த போலரைசரையும் (தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) கழற்றச் சொன்னீர்கள். பாதி வெளிச்சத்தை அதுதான் விழுங்கியிருக்கிறது.

"அலகை விடு, கழுத்தைப் பார். எஸ் மாதிரி மடங்கி, உடம்பு முன்னே சாய்ந்து அசையாமல் நின்றால் உடனே அழுத்து. தண்ணீர் தெறித்தபின் அழுத்தினால் ஃபோகஸ் துளிகளுக்குத் தாவிவிடும்."

மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கக் கொக்கு கழுத்தைத் தூக்கும், படத்தில் மேலே இடம் விடு என்றதும் நீங்கள்தான். இப்போது கெண்டையின் செதில்கூடத் தெரிகிறது!

பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். இது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், படங்களை அனுப்புகிறேன். ரொம்ப நன்றி அண்ணா.