வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்: அரைச் சோத்துப் பார்சல் ஒண்டு தாங்கோ

வணக்கம் ஐயாமார், அண்ணாமார், உள்ளுக்கு நிண்டு சமைக்கிற அக்காமார் எல்லாருக்கும்.

காலி வீதியிலயும், அதில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கையளிலயும், மெரைன் டிரைவிலயும் மத்தியானத்தில சோத்துப் பார்சல் கட்டிற எல்லாக் கடைக்கும் சேத்துத் தான் இதை எழுதுறன், ஒரு கடையை மனசில வச்சு எழுதேல்ல. கேக்கிறது ஒரே ஒரு விசயம் தான். சோறு பாதி, மரக்கறி ரெண்டு மடங்கு, பருப்போ கடலையோ முட்டையோ கொஞ்சம் கூட, இப்பிடி ஒரு பார்சலை உங்கட விலைப் பலகையில எழுதிப் போடுங்கோ. விலையைக் குறைக்கச் சொல்லேல்ல. முழுப் பார்சலுக்கு எடுக்கிற அதே காசை எடுங்கோ, சந்தோசமாத் தருவம்.

ஏன் இதுக்குப் போய் ஒரு கடிதம் எண்டு நினைப்பியள். உங்கட கடைக்கு மேல, பக்கத்தில, பின்னால இருக்கிற ஃபிளாட் அறையளுக்குள்ள என்ன நடக்குது எண்டு உங்களுக்குத் தெரிய வேணும், அதுக்காகத் தான். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹற்றன் எண்டு எல்லாப் பக்கத்தாலயும் வேலைக்கும் படிப்புக்கும் வந்து அறை எடுத்து இருக்கிற பிள்ளையள் கன பேர் இப்ப வீட்டுக்குள்ளயே எக்ஸசைஸ் செய்யினம். ஜிம்முக்கு மாசாமாசம் கட்ட எல்லாரிட்டயும் காசில்லை, வேலை முடிஞ்சு பஸ்ஸில நெரிபட்டு வந்து இறங்கவே இருட்டிப் போகும், கடற்கரைப் பக்கம் நடக்கலாம் எண்டா ஒண்டு மழை, இல்லாட்டி பொம்பிளைப் பிள்ளை தனிய நடந்தா திரும்பித் திரும்பிப் பாக்கிற ஆக்கள். அதால கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில ஒரு பாயை விரிச்சு, ஃபோனைச் சுவரோட சாச்சு வச்சு, யூடியூப்பில ஒரு புரோகிராமைப் போட்டு ஸ்குவாட், புஷ்அப், லன்ஜ் (ஒரு காலை முன்னுக்கு வச்சு முழங்காலை மடக்கி இறங்கிறது), பிளாங்க் எண்டு செய்யிறம். குதிக்கிற எக்ஸசைஸ் எல்லாம் கீழ் வீட்டு அன்ரிக்கு இடி விழுந்த மாதிரிக் கேக்கும் எண்டு அதுகளை விட்டிட்டு, மெதுவா இறங்கி மெதுவா எழும்பிற மாதிரி மாத்திச் செய்யிறம், அதுவும் தசைக்கு நல்ல வேலை தான். ஒண்டரை லீற்றர் தண்ணிப் போத்தல் ரெண்டு தான் டம்பெல். அது லேசாப் போனா ஒரு முதுகுப் பைக்குள்ள அரிசியோ புத்தகமோ போட்டுத் தோளில கொழுவிக்கொண்டு ஸ்குவாட் செய்யிறது.

உலக சுகாதார நிறுவனம் வளந்த ஆக்களுக்குச் சொல்லுறது, கிழமைக்கு 150 நிமிசத்தில இருந்து 300 நிமிசம் வரைக்கும் மிதமான உடற்பயிற்சி, அதோட கிழமையில ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கிற பயிற்சி. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், கிழமையில அஞ்சு நாள், அவ்வளவு தான். இதுக்கு ஒரு சதம் செலவில்லை, ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை, அறைக் கதவைச் சாத்தினா எங்கட கையில இருக்கு.

சாப்பாடு மட்டும் எங்கட கையில இல்லை, அது உங்கட கையில தான் இருக்கு. அறை வாடகைக்குக் குடுக்கிற வீட்டுக்காரர் கன பேர் சமைக்க விடாயினம், தண்ணி கொதிக்க வைக்க ஒரு கேத்தில், கூடிப் போனா ரைஸ் குக்கர் ஒண்டு, அதுக்கும் கரண்ட் பில்லைச் சொல்லி முகம் சுழிப்பினம். அப்ப காலமை ஏதோ ஒண்டு, மத்தியானம் பார்சல், இரவும் கடை. ஒரு கிழமைக்கு நாங்கள் சாப்பிடுற சாப்பாட்டில முக்கால்வாசியை முடிவு செய்யிறது நாங்கள் இல்லை, உங்கட கடையில கரண்டி பிடிக்கிற தம்பி தான்.

நான் ஒரு நாள் பார்சலைப் பிரிச்சு, கறியெல்லாம் ஒதுக்கிப் போட்டு, சோத்தை மட்டும் தராசில வச்சுப் பாத்தன். அரைக் கிலோவுக்குக் கிட்ட இருந்திச்சு. அவிச்ச வெள்ளைச் சோறு 100 கிராமில 130 கலோரி அளவில இருக்கு, அப்ப சோத்தில மட்டும் 600க்கு மேல, கறி, பொரியல், அப்பளம் எல்லாம் அதுக்கு மேல தான். 60 கிலோ ஆள் ஒருத்தர் அரை மணித்தியாலம் வீட்டில இப்பிடி எக்ஸசைஸ் செய்தா எரியிறது கூடினா 150, 200 கலோரி. காலமை வேர்க்க வேர்க்கச் செய்தது மத்தியானம் பத்து நிமிசத்தில இல்லாமப் போகுது, பின்னேரம் கந்தோரில கண் சொக்குது. ரெண்டு மாசம் செய்தும் இடுப்பு குறையேல்ல எண்டு சொல்லி விட்டிட்டுப் போன எத்தினை பேரை எனக்குத் தெரியும். அவையில பிழை இல்லை. எக்ஸசைஸ் புரோகிராம் எல்லாத்திலயும் டயட் பற்றி ஒரு வீடியோ இருக்கும், அதில வாறது ஓட்ஸ், புரொக்கோலி, அவகாடோ, கோழி நெஞ்சு, அறைக்குள்ள கேத்தில் மட்டும் வச்சிருக்கிற பிள்ளை அதை வச்சு என்ன செய்யிறது.

அடுத்தது புரதம். தசைக்கு வேலை குடுத்திட்டு அதுக்குச் சாப்பாடு குடுக்காம விட்டா என்ன பிரயோசனம். சாதாரணமா ஒரு ஆளுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 0.8 கிராம் படி நாளுக்குப் புரதம் வேணும் எண்டு சொல்லுவினம், பயிற்சி செய்யிற ஆளுக்கு அதை விடக் கூட வேணும். 60 கிலோ ஆளுக்கு ஆகக் குறைஞ்சது 48 கிராம். தண்ணி வத்தின பருப்பு 100 கிராமில 9 கிராம் வரும், அவிச்ச கடலையும் கிட்டத்தட்ட அதே அளவு, ஒரு முட்டையில 6 கிராம். பார்சலுக்கு ஊத்திற பருப்பு தண்ணியா இருந்தா அது சோறு நனையத் தான் காணும். பருப்பைக் கொஞ்சம் இறுக்கமா ரெண்டு கரண்டி வையுங்கோ, அதுக்கு மேல ஒரு அவிச்ச முட்டை, இது ஒண்டும் பெரிய செலவில்லை எண்டு உங்களுக்கு எங்களை விட வடிவாத் தெரியும்.

இது மெலிஞ்சு வடிவா இருக்கிறதுக்கான கதை மட்டும் இல்லை. இலங்கையில நடக்கிற சாவுகளில பத்தில எட்டு தொற்றா நோயளால, மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் எண்டு. கொழும்பு நகரத்தில செய்த ஆய்வில வளந்த ஆக்களில நாலில ஒராளுக்கு மேல சீனி வருத்தம் எண்டு வந்திருக்கு. என்ர அம்மாவுக்கும் இருக்கு, பெரியம்மாவுக்கும் இருக்கு, உங்கட வீட்டிலயும் ஆரோ ஒராளுக்கு இருக்கும். இருபத்தஞ்சு, முப்பது வயசில நாங்கள் சாப்பிடுற சாப்பாடு தான் நாப்பதில கிளினிக் வரிசையில கொண்டு போய் விடும், அந்த வரிசையைப் பாத்து வளந்த பிள்ளையள் நாங்கள், எங்களுக்கு அந்தப் பயம் இருக்கு.

உங்கட பக்கமும் யோசிச்சுத் தான் எழுதுறன். சோறு குறைஞ்சா கடைக்கு மரியாதை இல்லை எண்டது எங்கட ஆக்களிட்ட ஊறிப் போன விசயம், வந்த ஆள் வயிறு நிறையாமப் போனா சமைச்ச ஆளுக்கு மனம் கேக்காது. "சோறு குறைச்சுப் போடுங்கோ தம்பி" எண்டு கேட்டா, "காணாது அக்கா" எண்டு சொல்லிக் கொண்டு இன்னொரு கரண்டி போடுறது அன்பில தான், எனக்கு விளங்குது. புறக்கோட்டையில மூட்டை தூக்கிற அண்ணாவுக்கும், வெயிலுக்க கட்டடத்தில நிக்கிற ஆளுக்கும் அந்த முழுச் சோறு வேணும், அதில ஒரு பருக்கையும் குறைக்க வேண்டாம். அவையின்ர பார்சல் அவைக்கு அப்பிடியே இருக்கட்டும். எட்டு மணித்தியாலம் கம்பியூட்டருக்கு முன்னால இருக்கிற எங்களுக்கு வேற ஒண்டு வேணும், அதை ஒவ்வொரு நாளும் கெஞ்சிக் கேக்காம பலகையைப் பாத்து "அரைச் சோறு ஒண்டு" எண்டு சொல்லி வாங்க வேணும். பின்னால வரிசையில பத்துப் பேர் நிக்கேக்க கவுண்டரில நிண்டு விளக்கம் சொல்ல ஏலாது, அதால தான் பலகையில எழுதச் சொல்லுறன்.

செலவுக் கதையும் தெரியும். 2022 இல காஸ் இல்லாம கடையள் பூட்டிக் கிடந்ததையும், சில பேர் பின்பக்கம் விறகு மூட்டிச் சமைச்சதையும் கண்டனாங்கள். அந்த வருசம் செப்டெம்பரில கொழும்பில உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரைக்கும் போனது. அந்த நேரத்தில சோறு தான் மலிவா வயித்தை நிரப்பிற சாமானா இருந்திச்சு, கறி சுருங்கிச் சோறு கூடினது அதால எண்டு தான் நான் நினைக்கிறன். நுவரெலியாப் பக்கம் மழை பெய்தா கரட்டும் லீக்ஸும் என்ன விலைக்குப் போகும் எண்டு சந்தைக்குப் போற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் கேக்கிறது கரட்டும் லீக்ஸும் இல்லை. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, கங்குன், வாழைப்பூ, பயத்தங்காய், பாவற்காய், பூசணிக்காய். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் நடந்து போனா நடைபாதையிலயே கட்டுக் கட்டா வச்சு விக்கினம். உருளைக்கிழங்கைப் பொரிச்சுப் போடுற இடத்தில ஒரு கீரை வறை போட்டா எண்ணெய்ச் செலவும் மிச்சம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில மட்டும் 120 கலோரி இருக்கு. திரும்பத் திரும்பச் சூடாக்கிற பொரிச்ச எண்ணெயைப் பற்றியும் ஒருக்கா யோசியுங்கோ, அது சாப்பிடுற எங்களுக்கு மட்டுமில்லை, அந்தப் புகைக்குள்ள முழு நாளும் நிக்கிற அக்காவுக்கும் கூடாது.

இன்னொண்டு சொல்ல வேணும், நான் கன நாளா யோசிச்ச விசயம். வெள்ளிக்கிழமை உங்கட கடையளில கட்டிற மரக்கறிப் பார்சலை எடுத்துப் பாருங்கோ. வாழைக்காய்ப் பாற்கறி, பயத்தங்காய், பூசணி, கீரைக் கடையல், பருப்பு, வல்லாரைச் சம்பல், ஒவ்வொண்டும் கொஞ்சம் கொஞ்சம், வாழையிலையை விரிச்ச உடனயே பச்சையும் மஞ்சளுமா. அதில சோத்தைப் பாதியாக்கி ஒரு கரண்டி கடலைக் கறி வச்சா எந்த டயட் புரோகிராமும் சொல்லுற தட்டு அது தான். வேற நாட்டுச் சாப்பாடு ஒண்டும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை உங்களால ஏலுமெண்டா செவ்வாய்க்கிழமையும் ஏலும். மச்சம் வேணும் எண்டுற நாளையில சுறா வறை இருக்கு, சூடை மீன் குழம்பு இருக்கு, எங்கட அம்மம்மாமார் சமைச்ச சாப்பாடு, புரதம் நிறைஞ்சது, பொரிக்கவும் தேவையில்லை.

சோறும், முடிஞ்சா சிவப்பரிசி. சில கடையில கேட்டாத் தான் சொல்லுவினம், சில கடையில பன்ரெண்டரைக்கே முடிஞ்சிடும், அது முடியிறதே ஆக்கள் தேடிச் சாப்பிடினம் எண்டதுக்கு அடையாளம். தவிடு முழுக்கப் போகத் தீட்டாத அரிசியா எடுங்கோ, நார்ச்சத்து அதில தான் இருக்கு. இரவுக்குக் குரக்கன் பிட்டோ சிவப்பு இடியப்பமோ ஒரு பக்கத்தில இருந்தா கொத்துக்குப் போகாமலே எங்கட அலுவல் முடியும்.

தேத்தண்ணிக்கும் ஒரு வரி. 2016 இல இருந்து சோடாப் போத்தலில சீனி அளவைக் காட்ட சிவப்பு, செம்மஞ்சள், பச்சை எண்டு அடையாளம் போட வேணும் எண்டு சட்டம் இருக்கு, பாத்திட்டு வேணுமா வேண்டாமா எண்டு முடிவு எடுக்கலாம். கடையில ஊத்திற பிளேன்ரீக்கு அப்பிடி ஒண்டும் இல்லை, கலக்கி வாற வரைக்கும் எத்தினை கரண்டி எண்டு தெரியாது. சீனியைப் பக்கத்தில தனிய வையுங்கோ, வேண்டிய ஆள் வேண்டிய அளவுக்குப் போடட்டும்.

இதை நாளைக்கே முழுசா மாத்தச் சொல்லேல்ல. ஒரு மாசம் மட்டும், ஒரு நாளைக்கு இருபது அரைச் சோத்துப் பார்சல் கட்டிப் பாருங்கோ. மிஞ்சிப் போகும் எண்டு பயமா இருந்தா கடை நம்பருக்கு ஒரு வாட்சப் குரூப் துவங்குங்கோ, காலமை ஒன்பது மணிக்கு முதல் எத்தினை வேணும் எண்டு நாங்கள் சொல்லி வைக்கிறம், சொன்னா வந்து எடுப்பம், எடுக்க ஏலாட்டியும் காசு தருவம். எங்கட ஃபிளாட்டில மட்டும் எட்டுப் பேர் இதுக்கு ஓம் எண்டு சொல்லிட்டினம். பெட்டியும் நாங்களே கொண்டு வாறம், லஞ்ச் சீற்றில சுத்தத் தேவையில்லை. செய்யிறதா இருந்தா கவுண்டரில நிக்கிற தம்பிமாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கோ, சோத்துக் கரண்டி ஒண்டு, மரக்கறிக் கரண்டி மூண்டு எண்டு.

அன்போட,
வெள்ளவத்தையில அறை எடுத்து இருக்கிற, உங்கட கடைச் சாப்பாட்டிலயே வளருற ஒருத்தி