இரண்டாவது பிடி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகந்தானே? போனில் பேசினால் அவன் அழுகிறான், உன் குக்கர் விசிலடிக்கிறது, சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதான் கடிதம்.

பிள்ளை பிறந்த இந்த நான்கு மாதமாக வேதத்தைத் திறக்கவே இல்லை, ராத்திரி ஜெபிக்கக் கண்ணை மூடினால் அப்படியே தூங்கிப்போகிறேன் என்றாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "உங்களுக்கு இருக்கிற விசுவாசம் எனக்கு இல்லைம்மா" என்றாயே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. என் விசுவாசத்தின் லட்சணம் உனக்குத் தெரியாது. சொல்கிறேன், கேள்.

நம் அடுப்படியில் அரிசிப்பானைக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக்கொட்டான் இருக்குமே, கைப்பிடி அரிசிக் கொட்டான். அது ஆச்சி கொடுத்தது. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கொண்டுபோய்த் தட்டுவோம். ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த முருங்கைக்காய், நாட்டுக்கோழி முட்டையோடு அதையும் சேர்த்து ஏலம் விடுவார்கள். பனங்காட்டுப் பிழைப்பில் ஆச்சி கைக்குக் காசு எங்கே வரும்? ஆனால் உலை அவள் கையில் இருந்தது. 1903-ல் பாளையங்கோட்டையில் நம்மாட்கள் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கித் தெலுங்கு தேசத்துத் தோர்னக்கல் பக்கம் ஊழியத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அதைச் சொன்னாலே, அதைத் தொடங்கினவர்களில் ஒருவரான, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் வரும். வரட்டும், பெரிய மனுஷர்தான். அந்த ஊழியத்துக்கு ஆச்சி மாதிரிப் பெண்கள் கொடுத்ததெல்லாம் பிடிக்கணக்கு. அதற்கு ரசீது கிடையாது. மிசோரமிலும் பெண்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இதே மாதிரி உலை அரிசியில் பிடி எடுத்து வைக்கிறார்களாம், ஒரு மிஷனெரி வந்தபோது சொன்னார்.

1994 ஐப்பசி. அப்பா வேலை பார்த்த மில்லை மூடி மூன்றாவது மாதம். உனக்கு ஒன்றரை வயது, மூன்று நாளாகக் காய்ச்சல். பானை காலி. பக்கத்து வீட்டில் ஏற்கெனவே இரண்டு படி கடன், மறுபடி போய் நிற்க முகமில்லை. மழையும் விடவில்லை. கொட்டானில் அரைப்படி போல இருந்தது.

ஜெபம் பண்ணிவிட்டுத்தான் எடுத்தேன் என்று எழுத ஆசைதான். பண்ணவில்லை. எடுத்தேன், கஞ்சி வைத்தேன். நீ இரண்டு கிண்ணம் குடித்தாய். மிச்சத்தை நான் குடித்தேன். உனக்குக் கொடுத்தது அவ்வளவாக உறுத்தவில்லை. நான் குடித்ததுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

சாறிபாத் விதவை கதையை ஓய்வுநாள் பாடசாலையில் எத்தனை தரம் சொல்லிக்கொடுத்திருப்பேன்! பானையில் ஒரு பிடி மா, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். எலியா தீர்க்கதரிசி முதலில் தனக்கு ஒரு அடை கேட்கிறார், அவள் கொடுக்கிறாள், மா குறையவே இல்லை. நான் நேர்மாறாக ஆண்டவருடைய பங்கை எடுத்து என் பிள்ளைக்குக் கொடுத்தேன். என் பானையில் ஒன்றும் பெருகவில்லை. மறுநாள் மத்தியானம் ஆச்சி நான்கு படி அரிசியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். யார் சொன்னது என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? மழ விட்டுச்சு, வந்தேன்" என்றாள். இதை நான் சபையில் சாட்சியாகச் சொன்னதே இல்லை. சொன்னால் கொட்டான் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே!

அன்றிலிருந்துதான் இரண்டு பிடி. ஏழு வயதில் நீயே கேட்டாய், எல்லாரும் ஒன்று போடும்போது நீங்கள் ஏன் இரண்டு போடுகிறீர்கள் என்று. "ஒன்று ஆண்டவருக்கு, ஒன்று உனக்காக" என்றேன். நீ அதைப் பாடசாலை முழுக்கச் சொல்லிவைக்க, போதகர் வீட்டு ஐயரம்மா என்னைப் பாராட்ட, எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

அரைப்படிக் கடன் ஒரு வாரத்திலேயே தீர்ந்திருக்கும். கை பழகிவிட்டது, விடவில்லை. சொல்லப்போனால் அந்த இரண்டாவது பிடி போடும்போதுதான் நான் மனசாரக் கேட்டிருக்கிறேன். பெரிய வார்த்தை ஒன்றும் கிடையாது. இவளைப் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே, அவ்வளவுதான். அதற்குள் உலை கொதித்துவிடும். முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது நானும் தூங்கியிருக்கிறேன், அப்பாவைக் கேட்டுப் பார். குடும்ப ஜெபத்தில் அவர் ஆமென் சொல்லும் சத்தத்துக்குத்தான் பாதி நாள் விழிப்பேன்.

அதனால் வேதம் திறக்கவில்லை என்று மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. ராத்திரி பால் கொடுக்க எழுந்திருக்கும்போது ஒரு வரி வந்தால் சொல். வரவில்லையென்றால் விடு, இங்கே ஐந்து மணிக்கு எழுந்து நான் சும்மாதானே இருக்கிறேன், உன் பங்கையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் சொன்னாயே, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று. அதை ஜெபித்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. பிரசவத்துக்குப் பிறகு இப்படி வருவதுண்டு, வைத்தியமும் உண்டு. இந்த வாரமே டாக்டரம்மாவைப் பார். விசுவாசக் குறைவு என்று யாராவது ஆரம்பித்தால் போனை என்னிடம் கொடு.

சுக்குக் கருப்பட்டியும் பிள்ளைக்கு நான்கு சட்டையும் கூரியரில் போட்டிருக்கிறேன். சட்டை பெரிதாகத்தான் தைத்திருக்கிறேன், வளர்கிற பிள்ளை.

ஆச்சியின் கொட்டான் ஓரம் பிய்ந்துவிட்டது, புதிது வாங்கிவிட்டேன். பழையதையும் பார்சலில் வைத்தேன். இப்போது உனக்கு இது இன்னொரு பாரமாகிவிடுமோ என்று தோன்றியது, திரும்ப எடுத்து வைத்துவிட்டேன். வேண்டுமென்றால் சொல், அப்புறம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா